டோபமைன் குறைவு என்றால் டோபமைனையே கொடுத்தால் என்ன?

மருந்தாளுநர் பதில்கள்

மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள் டோபமைன். அது குறைந்து கை நடுங்கி, உடம்பு இறுகி, அசைவு மெதுவாகும் நோய்தான் பார்கின்சன். சென்ற இதழில் அந்த நோய்க்கான மாத்திரைகளைப் பற்றி நான் எழுதியது நாலே வரி. அதற்கு வந்த கடிதங்கள் மேஜை நிறைய இருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. வீட்டு நோயாளிகளைப் பற்றிய கடிதங்கள் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு வயது 66. பார்கின்சன் நோய் என்றும், மூளையில் டோபமைன் குறைந்துவிட்டது என்றும் டாக்டர் சொன்னார். ஆனால் எழுதிக் கொடுத்தது லெவோடோபா, கார்பிடோபா என்று இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. போன வருடம் என் அண்ணன் ஐ.சி.யூ.வில் இருந்தபோது “டோபமைன் போகுது” என்று நர்ஸ் சொன்னது நினைவிருக்கிறது. டோபமைனே மருந்தாகக் கிடைக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? இரண்டும் ஒன்றா, வேறா?
வாசகி, கும்பகோணம்

வேறு, சகோதரி. பெயர்கள் ஒட்டினாற்போல் இருப்பதால் மருந்துக் கடையில் வேலை செய்கிறவர்களே குழம்புவதை, அரசு மருத்துவமனை மருந்துக் கவுன்ட்டரில் 33 வருடம் நின்ற நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டதை 1998 இல் என் அம்மா என்னிடம் கேட்டார்.

அப்பா மதுரை புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கும். ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூல் முனையைத் திரிப்பார்களே, அச்சு அசல் அதே அசைவு. நாற்பது வருடத் தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். எனக்கு உறைத்தது அவருடைய அளவு நோட்டைப் புரட்டிய அன்றைக்கு. மார்பு 38, இடுப்பு 34, கை 9 என்று எழுதிக்கொண்டே போவார். வரியின் தொடக்கத்தில் எண்கள் ஒழுங்காக இருந்தன. வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டன. மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அப்படி இல்லை.

நரம்பியல் டாக்டர் பார்த்துவிட்டு, உங்கள் கணவருக்கு எழுதிய அதே மாத்திரையைத்தான் எழுதினார். “குறைஞ்சது ஒண்ணு, குடுக்கிறது இன்னொண்ணா?” என்று அம்மா கேட்டார். நான் மல்லிகைப் பூவை வைத்துச் சொன்னேன். எங்கள் பக்கத்திலிருந்து வெளியூர் போகும் மல்லிகையை யாரும் மலர்ந்த பிறகு அனுப்ப மாட்டார்கள். மொட்டாகப் பறித்து, பெட்டியில் ஐஸ் வைத்து, மொட்டாகவே ஏற்றுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அது மலர வேண்டும். டோபமைன் மலர்ந்த பூ. லெவோடோபா அதன் மொட்டு.

இது வெறும் உவமை இல்லை. லெவோடோபாவின் மூலக்கூறு எடை 197. டோபமைனுடையது 153. நடுவில் குறைகிற 44 கரியமில வாயுவின் எடை. சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குகிறதே, அதே வாயு. உடம்பில் உள்ள ஒரு நொதி, லெவோடோபாவிலிருந்து அந்தத் துணுக்கைக் கழற்றினால் மிஞ்சுவது டோபமைன். அவ்வளவு சின்ன மாற்றம்தான். ஆனால் அந்தத் துணுக்கு ஒட்டியிருக்கும் வரை லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பருப்பிலும் முட்டையிலும் இருந்து நமக்குக் கிடைக்கும் அமினோ அமிலங்களுக்கு உறவுக்காரன். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப் போல் இல்லை. செல்கள் இடைவெளி இல்லாமல் இறுக ஒட்டியிருக்கும், கண்டதையும் உள்ளே விடாது. அமினோ அமிலங்கள் மூளைக்கு அவசியம் என்பதால் அவற்றுக்கு மட்டும் தனி வாசல் உண்டு. லெவோடோபா அந்த வாசலில் நுழைந்துவிடும். துணுக்கை இழந்த டோபமைனுக்கு அங்கே அனுமதி இல்லை.

அப்போது உங்கள் அண்ணனுக்கு ஏற்றினார்களே, அது எதற்கு? மூளைக்காக இல்லை, இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும். இரத்த அழுத்தம் அபாயமாகச் சரிந்தால் தூக்கி நிறுத்துவதற்கு. 5 மில்லி ஆம்பியூலில் 200 மில்லிகிராம் இருக்கும். அதை சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இரத்தத்தில் போன டோபமைன் ஏறக்குறைய 2 நிமிடத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கணவருக்கு அதை ஏற்றினால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். கை நடுக்கம் நடுக்கமாகவே இருக்கும். வாயால் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, குடலும் கல்லீரலும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும்.

சரி, கார்பிடோபா எதற்கு? நான் சொன்ன அந்த நொதி மூளையில் மட்டும் இருந்தால் பிரச்சினையே இல்லை. அது குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. மொட்டு வழியிலேயே மலர்ந்துவிடும். லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்தால் மூளைக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். மீதியெல்லாம் உடம்பில் டோபமைனாக மாறிக் குமட்டும், வாந்தி வரும். வாந்தியைத் தூண்டும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருந்தாலும், அந்தத் தடுப்புச் சுவரின் காவல் அதற்கு இல்லை. வெளியே சுற்றும் டோபமைன் அதைத் தொட்டுவிடும். கார்பிடோபா வழியில் இருக்கும் நொதியைக் கட்டிப்போடுகிறது. பெட்டியில் வைக்கும் ஐஸ் அதுதான். அதோடு, கார்பிடோபாவால் மூளைக்குள் நுழைய முடியாது. அதனால் மொட்டு உள்ளே போனதும் தடையில்லாமல் மலர்கிறது. அமெரிக்காவில் இந்தக் கூட்டு மாத்திரை 1975 இல் வந்தபோது சினிமெட் என்று பெயர் வைத்தார்கள். “வாந்தி இல்லாமல்” என்பதன் லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர்.

ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 125 என்றால் லெவோடோபா அதே 100, கார்பிடோபா 25. 275 என்றால் 250, 25. எண்ணைப் பார்த்து 125 வீரியம் கூடியது, 110 குறைந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். இரண்டிலும் மொட்டு ஒரே அளவு, ஐஸ்தான் வேறு. உடம்பு நொதியை நன்றாக அடக்கி வைக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவைப்படும். 125 மூன்று வேளை என்றால் 75 கிடைக்கும். 110 மூன்று வேளை என்றால் 30 தான். அப்பாவுக்கு ஒரு தடவை நான் ஊரில் இல்லாதபோது, கடையில் 125 இருப்பு இல்லை என்று 110 கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து அவர் சோற்றைப் பார்த்தாலே எழுந்து போனார். வயிற்றுக் கோளாறு என்று அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்து அட்டையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கடையில் எண் மாறினால் வாங்கி வராதீர்கள், முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்பா தினமும் காலை டிபனோடு மாத்திரை போடுகிறார். சில நாள் அரை மணியில் நன்றாக நடக்கிறார். சில நாள் மாத்திரை போட்டதே தெரியவில்லை. மாத்திரை போலியாக இருக்குமா?
வாசகர், திருநெல்வேலி

மாத்திரையைச் சந்தேகப்படுவதற்கு முன் டிபனைச் சந்தேகப்படுங்கள் தம்பி. இட்லியும் தேங்காய்ச் சட்னியுமாக இருந்த நாளா, இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் குடித்த நாளா என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள்.

லெவோடோபா அமினோ அமிலங்களின் வாசலில் நுழைகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த வாசல் குடலிலும் உண்டு, மூளைக்குப் போகும் இடத்திலும் உண்டு. புரதம் நிறைய உள்ள சாப்பாடு செரித்தால் வெள்ளமாக அமினோ அமிலங்கள் வரும். கூட்டத்தில் லெவோடோபா பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுவது நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட், ஒரு இட்லி பரவாயில்லை. பாலோடு வேண்டாம். மருந்து விட்டு விட்டு வேலை செய்யும் நிலைக்கு வந்தவர்களுக்குப் பருப்பு, முட்டை, மீனை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளச் சொல்வார்கள். தள்ளத்தான் வேண்டும், நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் உடம்பு அது.

இரும்புச் சத்து மாத்திரை போடுகிறாரா என்றும் பாருங்கள். இரும்பு லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தது: வாழைப்பழத்தில் டோபமைன் நிறைய இருக்கிறதாம். தினம் நான்கு சாப்பிட்டால் பார்கின்சன் குணமாகுமா?
வாசகர், திண்டுக்கல்

வாழைப்பழத்தில் டோபமைன் இருப்பது நிஜம். சதையைவிடத் தோலில் இன்னும் அதிகம். ஆனால் அது மலர்ந்த பூ. மூளைக்குள் போகாது. மலச்சிக்கல் இந்த நோயாளிகளுக்குப் பெரிய தொல்லை, அதற்கு வாழைப்பழம் நல்லது. அதற்காகச் சாப்பிடுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கிறார்கள். இதில் உள்ளதுதான் அந்த மாத்திரையிலும் இருக்கிறது, இது இயற்கை, பக்க விளைவு இல்லை என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாலில் கலந்து கொடுக்கலாமா?
வாசகி, தேனி

அவர்கள் சொன்னதில் முதல் பாதி உண்மை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை. விதையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை உண்டு. இந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937 இல் வெளியிட்டவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். செய்த இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகம். இது பார்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று உலகத்தில் யாருக்குமே தெரியாத காலம் அது.

இரண்டாம் பாதிதான் தப்பு. காயின் மேல் உள்ள சுனை முடி பட்டால் அரிப்பெடுத்து ஊர் முழுக்க ஓட வைக்கும் என்பது உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். விதையும் லேசுப்பட்டதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பழங்குடிகளான பளியர்களும் காணிக்காரர்களும் இந்த விதையைச் சாப்பிடுவார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அந்தத் தண்ணீரோடு போவதில் லெவோடோபாவும் உண்டு. உணவாகச் சாப்பிடுகிறவர்கள் எதைக் கொட்டுகிறார்களோ அதைத்தான் கடைக்காரர் உங்களுக்கு மருந்தாக விற்கிறார். அது மருந்துதான், நான் மறுக்கவில்லை. மருந்து என்றால் அளவு வேண்டாமா? எந்தச் செடி, எந்த மண், வறுத்ததா, வேகவைத்ததா என்பதைப் பொறுத்து ஒரு ஸ்பூனில் உள்ள லெவோடோபா மாறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், பொடியில் கார்பிடோபா கிடையாது. ஐஸ் இல்லாத பெட்டி. பெரும்பகுதி வழியிலேயே டோபமைனாகிவிடும். பாலில் கலந்தால் பாலின் புரதமும் வாசலில் போட்டிக்கு நிற்கும். பி6 வைட்டமின் மாத்திரை அதிக அளவில் போடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த நொதி வேலை செய்ய பி6 தான் துணை. கார்பிடோபா சேர்ந்த மாத்திரை போடுகிறவர்கள் சாதாரண பி காம்ப்ளெக்ஸைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

பூனைக்காலியை நான் தள்ளிவிடுவதாக நினைக்காதீர்கள். 2004 இல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு, லெவோடோபா அளவு அளந்து தயாரித்த பொடியை 30 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, கூடுதல் நேரம் நின்றது. எட்டுப் பேர், அளந்த மருந்து, பக்கத்தில் டாக்டர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் நடக்கப்போவது அது இல்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு மரக்கட்டையாக இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். நிறுத்தாமல் பொடியையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகி, கை கால் தாமாக நெளிய ஆரம்பிக்கும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. அவரையில் லெவோடோபா இருக்கிறது என்றும் செய்தி சுற்றுகிறது. அது ஃபாவா என்று மத்தியதரைக் கடல் நாடுகளில் சாப்பிடும் வேறு வகை. நம் வேலியில் படரும் அவரை அது இல்லை.

நான் உயிரியல் ஆசிரியர். பாடப் புத்தகத்தில் டைரோசின், டோபா, டோபமைன், நார்அட்ரினலின் என்று அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த வரிசையில் ஒன்று மருந்தாகும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கும் முந்திய டைரோசினையே கொடுத்தால் போதாதா?
வாசகர், புதுக்கோட்டை

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது ஐயா. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோபாவாக, அதாவது லெவோடோபாவாக, மாற்றும் படிதான் அந்த வரிசையிலேயே மெதுவானது. அந்த வேலையைச் செய்யும் நொதி, இந்த நோயில் செத்துக்கொண்டிருக்கும் அதே செல்களுக்குள் இருக்கிறது. டைரோசினைக் கொட்டினாலும் அங்கே அரைக்க ஆளில்லை. லெவோடோபா அந்தப் படியைத் தாண்டிப் போய் நிற்கிறது.

முதல் கேள்வி எனக்குப் பிடித்தமானது. 1910 இல் லண்டனில் பார்ஜரும் யூவன்ஸும் டோபமைனைச் சோதனைச் சாலையில் தயாரித்துவிட்டார்கள். 1913 இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்கஸ் குகன்ஹைம் ஃபாவா அவரையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தார். பிரித்தவர் 2.5 கிராமைத் தானே விழுங்கிப் பார்த்தார். கடுமையாக வாந்தி எடுத்தார். ஏன் வாந்தி என்று இந்தப் பக்கத்தை மேலிருந்து படித்தவர்களுக்கு இப்போது தெரியும். அவருக்குத் தெரிய வழியில்லை. அதன் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் டோபமைனை யாரும் மதிக்கவில்லை. நரம்புகள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் இன்னொரு பொருளான நார்அட்ரினலினுக்குப் போகும் வழியில் ஒரு படி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

திருப்பம் நம் ஊர் மூலிகை ஒன்றின் வழியாக வந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தை 1952 இல் பிரித்தெடுத்திருந்தார்கள். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுத்தார்கள். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957 இல் முயல்களுக்கு அந்த ரிசர்பினைக் கொடுத்தார். காது தொங்கி, கண் சொருகி, தொட்டாலும் நகராமல் கிடந்தன முயல்கள். நார்அட்ரினலின் தீர்ந்துவிட்டதுதான் காரணமோ என்று அவர் நினைத்தார். அதை நேரடியாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது என்பதால் அதன் முன்பொருளான டோபாவை ஊசியில் போட்டார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின. மூளையைச் சோதித்துப் பார்த்தால் கூடியிருந்தது நார்அட்ரினலின் இல்லை, டோபமைன். வழியில் ஒரு படி என்று நினைத்த பொருளே மூளையில் தனி வேலை செய்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அவருக்கு 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு வியன்னா. ஹோர்னிகீவிச் என்பவரும் எஹ்ரிங்கர் என்பவரும் பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுவை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டு 1960 இல் வெளியிட்டார்கள். டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் சோதனை அது. மற்றவர்களின் திசுவில் நிறம் வந்தது. நோயாளிகளின் திசுவில் கிட்டத்தட்ட நிறமே இல்லை. கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள் ஐயா, மறக்க மாட்டார்கள். 1961 இல் பிர்க்மையர் என்ற டாக்டரோடு சேர்ந்து லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசியில் போட்டார்கள். படுத்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் நடந்தார்கள். சில மணி நேரம்தான் அது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி வாய் வழியாகவே கொடுத்து, நிலைத்த பலன் கிடைக்கும் என்று 1967 இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் காட்டினார்.

மாத்திரை ஆரம்பித்த புதிதில் மாமனாருக்கு வாந்தி வருகிறது. வீட்டில் இருக்கும் வாந்தி மாத்திரையைக் கொடுக்கலாமா?
வாசகி, சேலம்

கொடுப்பதற்கு முன் அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். இதை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் தகும். மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் இந்த இரண்டும் பார்கின்சன் நோயாளிகளுக்கு ஆகாது. இவை டோபமைன் உட்கார வேண்டிய இடத்தை மறித்துத்தான் வாந்தியை நிறுத்துகின்றன. ஆனால் மூளைக்குள்ளும் போய் மறிக்கின்றன. ஒரு கையால் லெவோடோபாவைக் கொடுத்து, மறு கையால் அதைப் பிடுங்குகிற மாதிரி.

அப்பாவை 2003 இல் வயிற்றுப்போக்குக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவு வாந்தி வந்ததும் மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டிருக்கிறார்கள். காலையில் நான் போனபோது அப்பா கண் இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கன்னத்தில் எச்சில் வழிந்திருந்தது. கையைத் தூக்கினால் பல்சக்கரம் போல் விட்டு விட்டு மடங்கியது. பக்கவாதம் வந்துவிட்டதாக அம்மா அழுதுகொண்டிருந்தார். கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பழைய நிலைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. அதன் பிறகு அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். என் கையெழுத்தில், சிவப்பு மையில், கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள். ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தும் அதில் உண்டு. உங்கள் மாமனாருக்கும் அப்படி ஒன்று எழுதி வையுங்கள்.

டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போவதில்லை, அதனால் டாக்டர்கள் அதைத்தான் எழுதுவார்கள். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் ஆபத்து உண்டு. கேட்காமல் கொடுக்காதீர்கள். கார்பிடோபா போதுமான அளவு போகிறதா என்றும் டாக்டரைக் கேளுங்கள். கும்பகோணம் சகோதரிக்குச் சொன்ன 110, 125 கணக்கு உங்களுக்கும்தான்.

கணவருக்கு லெவோடோபாவோடு பிரமிபெக்சோல் என்று இன்னொரு மாத்திரையும் போகிறது. ஆறு மாதமாக ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் ரம்மி ஆடுகிறார். வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர். இதுவரை 80 ஆயிரம் போயிருக்கிறது. வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
வாசகி, ஈரோடு

கூச்சப்படாதீர்கள் அம்மா, இது அவருடைய குணம் கெட்டுப்போனதால் இல்லை. பிரமிபெக்சோல் டோபமைனும் இல்லை, டோபமைனின் முன்பொருளும் இல்லை. டோபமைன் நுழையும் பூட்டுக்குள் தானே நுழையும் மாற்றுச் சாவி. நடமாட்டத்துக்கான பூட்டை மட்டும் திறந்துவிட்டு நிற்காது, ஆசையைக் கிளப்பும் பூட்டையும் சிலருக்குத் திறந்துவிடும். சூதாட்டம், தேவையில்லாமல் பொருள் வாங்குவது, அடங்காத சாப்பாட்டு ஆசை, காம இச்சை எல்லாம் இந்த வகை மருந்துகளின் அறிந்த பக்க விளைவுகள். இந்த வாரமே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், 80 ஆயிரம் என்ற கணக்கோடு சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். அதுவரை போனில் உள்ள வங்கிக் கணக்கை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போன் பார்ப்பதால் மூளையில் டோபமைன் கூடிவிடுகிறதாம். என் மகன் ஒரு வாரம் போனைத் தொடாமல் இருந்து டோபமைனைச் சுத்தம் செய்யப் போகிறானாம். சரியா?
வாசகி, தாம்பரம்

போனைத் தொடாமல் இருப்பது மிக நல்லது, தொடரட்டும். டோபமைன் கழுவிக் காயவைக்கும் தண்ணீர்த் தொட்டி இல்லை. அது வற்றினால் மனிதர் எப்படி இருப்பார் என்று மேலே சேலம் பதிலில் எழுதியிருக்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அப்பாவின் பனியனில் அக்குள் பக்கம் பழுப்புக் கறை. சிறுநீர்ப் பாத்திரத்திலும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கறுப்பாக இருக்கிறது. இரத்தமா?
வாசகர், நாகர்கோவில்

இந்த மாத்திரையால் வரக்கூடிய நிறம்தான் அது. வேர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறும் லெவோடோபாவும் அது மாறிய பொருள்களும் காற்று பட்டதும் கறுக்கும். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் கிட்டத்தட்ட இந்த வகை மாற்றம்தான். புதிதாகப் போகும்போது மஞ்சளாக இருந்து, வைத்திருந்த பிறகு கறுத்தால் கவலை இல்லை. போகும்போதே சிவப்பாக இருந்தாலோ, எரிச்சல் இருந்தாலோ சிறுநீரைச் சோதித்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பனியன் கறை போவது கஷ்டம். அப்பா வெள்ளையைத் தவிர வேறு உடுத்த மாட்டார். அம்மா அவருடைய துணியை மட்டும் கழற்றிய கையோடு தனி வாளியில் ஊறப்போட்டுவிடுவார், காய விட மாட்டார். அப்படிச் செய்தால் பாதியாவது போய்விடும்.